17 அங்குலத்துக்குள் ஓர் உடம்பு

திருப்பூரில் என் மாமா கட்டிங் மாஸ்டர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்காமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. ஆர்டர் ஷீட்டில் உள்ள அளவுக்கும் வெட்டிய துணிக்கும் அரை அங்குலம் வித்தியாசம் வந்தால் கண்ணாலேயே சொல்லிவிடுவார். எடை 118 கிலோ. சென்ற ஆண்டு ஒரு கண்காட்சிக்காக நாங்கள் இருவரும் கோவையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் போனோம். அவருக்கு அது முதல் விமானப் பயணம். இருக்கையை நாமே தேர்ந்தெடுப்பதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள், நாங்கள் கட்டவில்லை. மாமாவுக்கு நடு இருக்கை விழுந்தது. எனக்கு அதே வரிசையில், நடைவழிக்கு அந்தப் பக்கம்.

பெல்ட் எட்டவில்லை. நான்கு விரற்கடை குறைந்தது. மாமா இரண்டு முனைகளையும் மடிமேல் வைத்து, கையிலிருந்த செய்தித்தாளை விரித்து அதை மூடிக்கொண்டார். அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரியவே சிறிது நேரம் ஆயிற்று. மூன்று மணி நேரம் பெல்ட் இல்லாமல் பறந்தாலும் பரவாயில்லை, வாய்விட்டுக் கேட்க வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். நான் பணிப்பெண்ணை அழைத்து மெதுவாகச் சொன்னேன். அவர் கூடுதல் பெல்ட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, "யாருக்கு வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முன்னும் பின்னும் மூன்று வரிசைகள் திரும்பிப் பார்த்தன.

அதன்பின் டெல்லி வரை மாமா இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டி, விரல்களை அக்குளுக்குள் செருகிக்கொண்டே இருந்தார். தண்ணீர் குடிக்கவில்லை. ஜன்னல் பக்கத்துக் கல்லூரி மாணவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். நடைவழிப் பக்கத்துப் பெரியவரின் தோளும் கையும் வெளியே நீண்டிருந்தன. சாப்பாட்டு வண்டி இரண்டு முறை அவர் முழங்கையில் இடித்தது. மூன்று பேரும் காசு கொடுத்து ஏறியவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இறங்கும்போது எல்லாரும் போகும்வரை மாமா காத்திருந்தார். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்து, ஒரு கைப்பிடிக்கும் மறு கைப்பிடிக்கும் இடையே வைத்துப் பார்த்தார். பதினேழே கால் அங்குலம்.

"மாப்பிள்ளை, அமெரிக்க ஆர்டருக்கு எல் சைஸ் டி-ஷர்ட்டே நெஞ்சகலம் 22 இஞ்ச் வெட்டுகிறோம். இது யாருடைய அளவு?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குழாயின் கணக்கு. விமானத்தின் உடல் ஒரு நீண்ட குழாய். அதன் அகலம் விமானத்தை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கோவை விமான நிலையமான பீளமேட்டில் இறங்கி ஏறும் ஜெட் விமானங்களில் பெரும்பாலானவை ஏர்பஸ் ஏ320 குடும்பம். போயிங் 737 விமானங்களும் வருகின்றன. ஏ320-இன் உள் அகலம் 3.70 மீட்டர், அதாவது 145 அங்குலத்துக்குச் சற்று மேல். 737-இன் உள் அகலம் 3.54 மீட்டர், ஏறக்குறைய 139 அங்குலம். இரண்டிலும் பக்கத்துக்கு மூன்று வீதம் ஆறு இருக்கைகள், அவற்றுக்கு எட்டுக் கைப்பிடிகள், நடுவில் ஒரு வழி. கைப்பிடிக்கு 2 அங்குலம் என்றால் எட்டுக்கும் 16. வழிக்கு 20. மிச்சத்தை ஆறால் வகுத்தால் ஏ320-இல் ஓர் இருக்கைக்கு 18 அங்குலம், 737-இல் 17 அங்குலம் வருகிறது. 737-இன் குழாய் அகலம் அதற்கு முன் வந்த 707-இலிருந்து எடுத்தது. 1950-களில் அமெரிக்காவில் வரைபலகையில் முடிவான ஓர் அகலம், இன்று திருப்பூர்க்காரரின் இடுப்பை அளக்கிறது.

ஏ320-இல் அந்த ஓர் அங்குலம் கூடுதலாகக் கிடைத்தாலும், அது இருக்கைக்குத்தான் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. இருக்கையை 17 அங்குலமாகச் சுருக்கிவிட்டு வழியை அகலமாக்கினால் பயணிகள் சீக்கிரம் ஏறி இறங்குவார்கள். விமானம் தரையில் நிற்கும் நேரம் குறையும். ஒரு நாளில் இன்னொரு தடவை பறக்கலாம். குறைந்த கட்டண நிறுவனங்களுக்கு அந்த நிமிடங்கள்தான் லாபம். ஏர்பஸ் நிறுவனம் 2013-இல், நீண்ட தூர விமானங்களில் இருக்கைக்குக் குறைந்தது 18 அங்குலம் என்பதைத் தொழிலின் பொது அளவாக ஏற்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. போட்டியாளரின் விமானத்தில் இருக்கை ஒடுக்கம் என்பதால் எழுந்த வியாபாரப் பேச்சு அது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஓர் அங்குலம் பெரிய விஷயம் என்பதை இருக்கை பொருத்துகிறவர்களே ஒப்புக்கொண்ட இடமும் அதுதான்.

முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் உள்ள இடைவெளியின் கதை இன்னும் எளிது. 30 வரிசை உள்ள விமானத்தில் வரிசைக்கு ஓர் அங்குலம் பிடுங்கினால் 30 அங்குலம் சேரும். அதில் இன்னொரு வரிசை போடலாம். ஆறு டிக்கெட். முதுகு மெத்தையை மெலிதாக்கியும், சமையலறையையும் கழிவறையையும் பின்சுவரோடு நெருக்கியும் 180 இருக்கை இருந்த ஏ320-ஐ 186 ஆக்கியது இப்படித்தான்.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். யாருடைய அளவு? இருக்கை உறுதியானதா என்று சோதிக்க ஒரு பொம்மையை அதில் உட்காரவைத்து, விபத்தில் ஏற்படும் வேகத்தில் மோதவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1988-இல் வந்த, புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்ற விதியிலும் அந்தப் பொம்மையின் எடை 170 பவுண்டுதான். நம் கணக்கில் 77 கிலோ. நடுத்தர உடல்வாகுள்ள ஓர் ஆண். பெண் இல்லை, கர்ப்பிணி இல்லை, 118 கிலோ கட்டிங் மாஸ்டரும் இல்லை.

உடம்பு மாறிவிட்டது என்பதை விமானத் துறை அறியாமல் இருக்கவில்லை. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று புறப்பட்ட உடனே விழுந்து, அதிலிருந்த 21 பேரும் இறந்தார்கள். வாலில் உள்ள கட்டுப்பாட்டுக் கம்பியைப் பழுதுபார்ப்பில் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். கூடவே, பயணிகளின் எடையைப் பழைய சராசரியை வைத்துக் கணக்கிட்டதால், விமானம் காகிதத்தில் சரியாகவும் உண்மையில் அளவுக்கு மீறிய பாரத்தோடும் இருந்தது. அதன்பின் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு பயணிக்கான சராசரி எடையைக் கைப்பையோடு சேர்த்துக் கோடையில் 190 பவுண்டு, குளிர்காலத்தில் 195 பவுண்டு என உயர்த்தியது. எரிபொருளுக்கும் பாரத்துக்கும் போடும் கணக்கில் மனிதன் கனத்துவிட்டான். அவன் உட்காரும் அகலத்தில் மட்டும் அவன் கனக்கவே இல்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இது அமெரிக்கர்களின் சிக்கல் என்று ஒதுக்கவும் முடியாது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2019-21 காலத்தில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது உடல் பருமன் என்ற வகையில் வருகிறார்கள். நாடு முழுவதற்குமான கணக்கில் அது பெண்களுக்கு 24, ஆண்களுக்கு 22.9 சதவீதம். இந்த எண்ணில் வருகிற எல்லாருக்கும் இருக்கை போதாமல் போய்விடாது. ஆனால் நம் ஊர் உடம்பு எந்தத் திசையில் போகிறது என்பதை அது காட்டுகிறது. மாமாவின் அப்பா தோட்டத்தில் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஓட்டியவர்; மாமா கட்டிங் மேசை முன்னால் காலையிலிருந்து இரவு வரை நின்று, கிடைத்த நேரத்தில் சாப்பிட்டு, இரவு ஷிப்டிலும் கண்விழித்தவர். தைராய்டு உள்ளவர்களும் மாத்திரையால் ஊதியவர்களும் பரம்பரையாகவே பெருத்த உடல்வாகு உள்ளவர்களும் இதே எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள். காரணம் எதுவானாலும், ஒருவர் விமானத்துக்குள் ஏறும் அந்த நிமிடத்தில் உடம்பைக் குறைத்துக்கொள்ள முடியாது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? அமெரிக்காவில் பயணிகள் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, 2017-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், சுருங்கிக்கொண்டே போகும் இருக்கையால் ஆபத்து உண்டா என்று மறுபடியும் பாருங்கள் என விமான நிர்வாகத்தைப் பணித்தது. 2018-இல் அந்நாட்டு நாடாளுமன்றம், பாதுகாப்புக்குத் தேவையான குறைந்தபட்ச அகலத்தையும் இடைவெளியையும் ஓராண்டுக்குள் வகுக்கும்படி சட்டமே இயற்றியது. நிர்வாகம் ஓக்லஹோமாவில் 775 பேரை வைத்து வெளியேறும் சோதனை நடத்தியது. ஆபத்து நேரத்தில் பாதிக் கதவுகள் மட்டும் திறந்தால்கூட 90 வினாடியில் எல்லாரும் வெளியே வர வேண்டும் என்பதுதான் விமானங்களுக்கான அடிப்படை விதி. இருக்கை அளவு அதற்குத் தடையா என்று பார்ப்பது நோக்கம். தடையில்லை என்று 2022-இல் முடிவு வந்தது. ஆனால் சோதனையில் கலந்துகொண்டவர்கள் 18 வயது முதல் 60 வயது வரையிலான, நல்ல திடமுள்ளவர்கள். பாட்டிகள் இல்லை, குழந்தைகள் இல்லை, ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் இல்லை. அதே அமைப்பு மறுபடி நீதிமன்றம் போனது. 2023-இல் மனு தள்ளுபடியானது. இருக்கை இத்தனை அங்குலம் இருந்தே ஆக வேண்டும் என்ற எண் வரவில்லை.

இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பயணி உரிமை விதிகள் விமானம் தாமதமானால், ரத்தானால், ஏற்ற மறுத்தால் என்ன தர வேண்டும் என்று பேசுகின்றன. உட்காரும் அகலம் அந்தப் பேச்சுக்குள் வருவதில்லை.

சட்டத்தைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தக் கைப்பிடி. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் ஒரு பக்கம் மூவர் சீட், மறுபக்கம் இருவர் சீட். இடையில் கைப்பிடி கிடையாது. மூவர் சீட் 51 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 14 அங்குலம் வேண்டிய பள்ளிக்கூடப் பெண்ணும், 15 அங்குலம் வேண்டிய பாட்டியும், 20 அங்குலம் வேண்டிய என் அத்தையும் அதில் உட்கார்ந்தால் 49 அங்குலம். இரண்டு அங்குலம் மிச்சம்கூட இருக்கிறது. "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அம்மிணி" என்ற ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அதே 51 அங்குலத்தை 17, 17, 17 என்று கைப்பிடி வைத்துத் தடுத்தால், இருவரிடம் ஐந்து அங்குலம் வீணாகும். அத்தைக்கு மூன்று அங்குலம் குறையும். சீட் சிறியதாகவில்லை, ஆட்களும் மாறவில்லை. ஒருவரிடம் மிஞ்சுவது இன்னொருவருக்குப் போகாதபடி தடுப்பு வந்துவிட்டது. போதாமை அங்கே பிறந்தது.

அதற்காகக் கைப்பிடியைப் பிடுங்கிவிடச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்கிறவருக்கும் தன் இடம் வேண்டும். முன்பின் தெரியாதவரின் உடல் மூன்று மணி நேரம் மேலே படுவதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. மும்பையில் மகள் வீட்டுக்குப் பறந்த என் அத்தை, பக்கத்தில் ஓர் அந்நிய ஆண் என்பதால் ஒருக்களித்தே உட்கார்ந்து போனார். இரண்டு வாரம் இடுப்பு வலி. பஸ்ஸில் பெண்கள் பக்கம் என்று ஒன்று உண்டு, விமானத்தில் அதுவும் இல்லை. அவருடைய கூச்சமும், அந்த மனிதரின் அசௌகரியமும் ஒரே தடுப்பிலிருந்து வந்தவை. ஆனால் பழி மட்டும் எப்போதும் பெருத்த உடம்பின்மேல் விழுகிறது. டெல்லி விமானத்தில் அந்தப் பெரியவர் முகம் சுளித்ததும் மாமாவைப் பார்த்துத்தான். 17 அங்குலத்தில் இருக்கை பொருத்தியவர்கள் அந்த வரிசையில் இல்லை.

சரி, கூடுதல் இடத்துக்கு யார் காசு கொடுப்பது? இங்கே நாடுகளும் நிறுவனங்களும் வெவ்வேறு வழியில் போயிருக்கின்றன. சமோவா ஏர் என்ற தீவு நாட்டு நிறுவனம் 2013-இல் கிலோவுக்கு இவ்வளவு என்று பயணியை நிறுத்துக் கட்டணம் வாங்கியது. பத்துப் பேர் ஏறும் சின்ன விமானங்களில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு என்பது உண்மைதான். இருந்தாலும் மனிதரைத் தராசில் ஏற்றி விலை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் பல ஆண்டுகளாக வேறு மாதிரி நடந்துகொண்டது. கைப்பிடிக்குள் அடங்காதவர் இரண்டு இருக்கை எடுத்துக்கொள்ளலாம். பயணம் முடிந்ததும் இரண்டாவதன் பணத்தைத் திருப்பித் தந்துவிடும். அந்த நிறுவனமே 2026 ஜனவரி 27 முதல் விதியை இறுக்கிவிட்டது: இரண்டாவது இருக்கையை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும், விமானத்தில் இடம் காலியாக இருந்தால்தான் பணம் திரும்பும்.

கனடா எடுத்த முடிவுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. 2008 ஜனவரியில் அந்நாட்டின் போக்குவரத்து ஆணையம், உள்நாட்டு விமானங்களில் ஒரு நபருக்கு ஒரே கட்டணம் என்று தீர்ப்பளித்தது. உடல் பருமனால் இயங்குவதில் குறைபாடு உள்ளவருக்கு இரண்டாவது இருக்கை தேவைப்பட்டால் அதற்குக் காசு வாங்கக் கூடாது. துணையாள் தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்கும் அப்படியே. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. அங்கே மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2009 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இதனால் நிறுவனங்கள் நொடித்துவிடுமா என்பதையும் ஆணையம் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஏர் கனடாவுக்கு ஒரு டிக்கெட்டுக்கு ஏறக்குறைய 77 சென்ட், வெஸ்ட்ஜெட்டுக்கு 44 சென்ட். எல்லாப் பயணிகள் மேலும் பரப்பினால் ஒரு டாலர்கூட வரவில்லை. ஒருவர் தலையில் வைத்தால் முழு டிக்கெட், எல்லார் தலையிலும் பிரித்தால் சில்லறை. டவுன் பஸ் சீட்டில் நடக்கும் அதே கணக்கு இது.

நம் நாட்டில் இண்டிகோ 2020 ஜூலையில், கொரோனா காலத்தில், ஒரே ஆள் பக்கத்து இருக்கையையும் சேர்த்துப் பதிவு செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. தொற்றிலிருந்து தள்ளி இருக்க விரும்பியவர்களுக்காக வந்த ஏற்பாடு அது. பெருத்த உடல் உள்ளவருக்கு அந்த வழி உதவுகிறது என்றாலும் செலவு அவருடையதுதான்.

விதி வரும்வரை தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய சில விவரங்கள் இருக்கின்றன. முன்பே தெரிந்திருந்தால் மாமா அந்தச் செய்தித்தாளை விரித்திருக்க மாட்டார். கூடுதல் பெல்ட் எல்லா விமானத்திலும் இருக்கும், இலவசம். இருக்கைக்குப் போய் அமர்ந்த பிறகு கேட்பதைவிட, வாசலில் வணக்கம் சொல்லும் பணியாளரிடமே ஏறும்போது சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாமல் கைக்கு வந்துவிடும். வெளியே வாங்கிய பெல்ட்டை எடுத்துப் போகாதீர்கள். விமானத்தில் உள்ளதையே பயன்படுத்த வேண்டும். கால் நீட்ட வசதி என்று அவசர வழி வரிசையை எடுக்கவும் வேண்டாம். கூடுதல் பெல்ட் தேவைப்படுகிறவரை அங்கே உட்கார விடமாட்டார்கள். முதல் வரிசையிலும் சில அவசர வழி வரிசைகளிலும் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும். அதனால் அந்தக் கைப்பிடி தடித்தது, மேலே தூக்க வராது, உட்காரும் இடமும் சற்றுக் குறையும். நடைவழி ஓரத்து இருக்கையின் வெளிக் கைப்பிடி தூக்க வராததுபோல் தோன்றும். பல விமானங்களில் அதன் அடியில், முதுகுப்பக்கம் சேரும் இடத்தில், விரலால் தடவினால் ஒரு சிறு பொத்தான் தட்டுப்படும். அதை அழுத்தினால் தூக்கலாம். சேலம்காரர்களுக்கு ஒரு விஷயம்: காமலாபுரம் விமான நிலையத்துக்கு வந்துபோகும் ஏடிஆர் என்ற சிறு விமானத்தில் பக்கத்துக்கு இரண்டே இருக்கைதான். நடு இருக்கை என்ற ஒன்றே அதில் இல்லை.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. சைவமா அசைவமா என்று டிக்கெட் பதிவில் கேட்கிறார்கள். கூடுதல் பெல்ட் வேண்டுமா என்றும் அங்கேயே ஒரு கட்டம் வைக்கலாம். கைப்பிடிகளுக்கு இடையே எத்தனை அங்குலம் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடலாம். நாங்கள் ஒரு பனியனை விற்க அதன் நெஞ்சளவு, நீளம், கையளவு எல்லாவற்றையும் எழுதிக்கொடுக்கிறோம். அரை அங்குலம் பிசகினால் சரக்கு திரும்பி வருகிறது. பல ஆயிரம் ரூபாய் வாங்கும் இருக்கைக்கு அளவு எழுதக் கூடாதா? மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் இதைப் புகாராகவும் கோரிக்கையாகவும் எழுதினேன். இன்னும் பலர் எழுத வேண்டும். கனடாவில் தீர்ப்பு வந்தது சிலர் எழுதியதால்தான்.

அடுத்த மாதம் மறுபடியும் டெல்லியில் வேலை இருக்கிறது. இந்த முறை நடைவழி ஓர இருக்கைக்குப் பணம் கட்டிவிடலாம், பெல்ட்டை வாசலிலேயே கேட்டு வாங்கிவிடலாம் என்று மாமாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "நீ விமானத்தில் வா மாப்பிள்ளை. நான் இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பிவிடுகிறேன்" என்றார். திருப்பூரிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு. கீழ் பெர்த் கிடைத்துவிட்டது.